கற்றுக் காப்போம்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பொறியியல், மருத்துவம், கணக்கியல் எனப் பல துறைகளில் முதுநிலைப் பட்டம் பெற்று வருகின்றனர். அதிகம் அறியப்படாத மற்றொரு படிப்பை இன்று அவர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். திருட்டு, கடத்தல், போர் ஆகியவற்றினின்று பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கக் கற்பிக்கும் படிப்பு அது.

இத்தாலி நாடு 1969-ஆம் ஆண்டிலேயே கலைச்செல்வங்களைக் காக்கத் தனிக் காவற்பிரிவை அமைத்தது. அந்நாட்டின் அமேலியா நகரில் 2009-இல் கலைக் குற்றங்கள் பற்றிய முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு தொடங்கப்பெற்றது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் தொல்பொருட் கடத்தலை முதுநிலைப் பாடமாக்கியது. சட்டம், குற்றவியல், தொல்லியல், அருங்காட்சியகவியல் ஆகியவை இப்படிப்பில் ஒன்று சேர்கின்றன. ஒரு பொருள் எங்கிருந்து, எவர் கைகளின் வழியாக வந்தது என்னும் உடைமை வரலாற்றை ஆராய்வதே இதன் உயிர்நாடி.

அதன் பயனை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 1976-இல் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் திருமேனி இலண்டனுக்குக் கடத்தப்பட்டது. அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு அதை ஒப்பிட்டு, ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையுங்கூட அறிஞர்கள் சான்றாகக் காட்டினர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவர்களும் சாட்சியம் அளித்தார். 1991-இல் திருமேனி தாயகம் திரும்பியது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரோ ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் வரை சென்றுவிட்டார். அவர் நம்மவர் என்று மெய்ப்பிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-இல் அவரும் திரும்பினார். திருடர் அஞ்ச வேண்டியது பூட்டை மட்டுமன்று, பதிவேட்டையுந்தான்.

இனி நம் நிலையை எண்ணிப் பாருங்கள். வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் முன்னோர் எழுப்பிய ஜினாலயங்கள் பல உள்ளன. குடும்பங்களோ பிழைப்பை நாடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. சில ஊர்களில் விளக்கேற்ற ஓரிரு வீட்டாரே எஞ்சியுள்ளனர். திருமேனிகளைப் பாதுகாப்பறைக்கு அனுப்பினால் ஆலயம் வெறுமையாகும். அனுப்பாவிடில் அச்சம் நீங்காது. இந்தத் தடுமாற்றத்திற்கு எளிய விடை ஏதுமில்லை. ஆயினும் எந்த முடிவை எடுப்பினும் அதற்கு முன் செய்தாக வேண்டிய பணி ஒன்று உண்டு. அதுவே ஆவணப்படுத்தல்.

ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் இருபுறமும் படமெடுக்க வேண்டும். உயரம், அகலம், எடை, உலோகம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பீடத்தில் எழுத்திருப்பின் தனியே படமெடுக்க வேண்டும். தேய்வு, வடு, ஒடிவு ஆகியவற்றை விடாமல் எழுத வேண்டும். குறை என நாம் கருதும் அந்த வடுவே நாளை அடையாளம் காட்டும். வீட்டுப் பரணில் உறங்கும் ஓலைச்சுவடிகளையும் மறவாதீர்கள். எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த, அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்புடைய சுவடியை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகவே கருதுகிறது.

“படம் எடுப்பது திருடனுக்கு வழி காட்டுவதாகாதா?” எனப் பெரியோர் சிலர் வினவுகின்றனர். நியாயமான அச்சமே. ஆகவே பதிவைப் பொதுவில் பரப்ப வேண்டா. ஒரு படி ஊரிலும், ஒரு படி அறக்கட்டளையிலும், ஒரு படி வேறொரு பாதுகாப்பான இடத்திலும் இருக்கட்டும். படமே இல்லாத திருமேனி களவுபோயின், காவல்துறையிடம் எதைக் காட்டி முறையிடுவோம்?

இப்பணியைத் தொடங்கப் பட்டம் வேண்டுவதில்லை. ஆனால் அயல்நாட்டு ஏல நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் நம் திருமேனியைக் கண்டறியவும், நீதிமன்றத்தில் வாதாடி மீட்கவும் கற்றவர் வேண்டும். அத்தகையோர் சிலராவது நம் சமூகத்தில் உருவாதல் வேண்டும். இத்துறையை விரும்பும் மாணவர்க்கு அறக்கட்டளை ஆண்டுதோறும் உதவித்தொகை ஒன்றை ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அம்மாணவரின் முதற் பயிற்சி அவர்தம் சொந்த ஊர் ஆலயப் பதிவேடாக அமையட்டும்.

அடுத்த விழாவிற்கு வரும்போது, ஒவ்வோர் ஊராரும் தம் ஆலயப் பதிவேட்டின் ஒரு படியைக் கொண்டு வருவோமாக.