சக்லத்வாலா: பேட்டர்சி தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த இந்தியர்

(தில்லியில் தொழிற்சங்க ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று சம்விதான் சதன் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை வைஸ்ராய் இர்வின் பிரபு 1927 ஜனவரி 18 அன்று திறந்து வைத்தார். அதே மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கப்பலேறி பம்பாய் வந்து இறங்கினார். அவர் பம்பாயிலேயே பிறந்த பார்சி. பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். மார்ச்சில் இதே தில்லியில் கூடிய ஏஐடியுசியின் ஏழாவது மாநாட்டிலும் அவர் பங்கேற்றார். ஷாபுர்ஜி சக்லத்வாலா என்ற அந்தத் தோழரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1874இல் பிறந்த அவருடைய தாயார் ஜெர்பாய், ஜாம்செட்ஜி டாடாவின் சகோதரி. மாமனின் நிறுவனத்திற்காக இரும்புத்தாதும் நிலக்கரியும் தேடிக் காடுகளில் அலைந்தவர் நம்முடைய சக்லத்வாலா. மலேரியா அவர் உடலை முறித்தது. 1905இல் சிகிச்சைக்காக இங்கிலாந்து சென்றார். அங்கே உணவு பரிமாறும் வேலையிலிருந்த சாரா மார்ஷ் என்ற தொழிலாளிப் பெண்ணைச் சந்தித்து, 1907இல் மணந்துகொண்டார். 1909இல் சுயேச்சைத் தொழிற்கட்சியிலும், 1921இல் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். இத்தனைக்கும் 1925 வரை டாடா நிறுவனத்தின் சம்பளக்காரர் அவர். இந்த முரண்பாட்டை எதிரிகள் குத்திக்காட்டாமல் இல்லை. அவரும் அதை மறைக்கவில்லை.

அவருக்கு முன்பே இரண்டு இந்தியர்கள் பிரிட்டிஷ் மக்களவைக்குள் நுழைந்திருந்தனர். 1892இல் தாதாபாய் நௌரோஜி லிபரல் கட்சியின் சார்பிலும், 1895இல் மஞ்சர்ஜி பௌனாகிரி கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பிலும் வென்றனர். மூவருமே பார்சிகள் என்பது தற்செயல் அன்று. அக்காலத்தில் லண்டன் வரை செல்லும் வசதி எந்தச் சமூகத்திற்கு இருந்தது என்பதை அது காட்டுகிறது. ஆனால் 1922இல் சக்லத்வாலாவைத் தேர்ந்தெடுத்த வடக்கு பேட்டர்சி முழுக்க முழுக்கத் தொழிலாளர் தொகுதி. அவருடைய தேர்தல் முகவர் ஜான் ஆர்ச்சர், 1913இலேயே பேட்டர்சியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பினத்தவர். உலகையே ஆண்டுகொண்டிருந்த நகரில், வெள்ளைத் தொழிலாளர்கள் ஒரு கறுப்பினத்தவரின் உழைப்பில் ஓர் இந்தியக் கம்யூனிஸ்டைத் தேர்ந்தெடுத்தார்கள்! 1923இல் 186 வாக்குகளில் தோற்றார். 1924இல் கம்யூனிஸ்டு என்ற பெயரிலேயே நின்று 542 வாக்குகளில் வென்றார்.

அவையில் அவர் என்ன பேசினார்? அயர்லாந்து ஒப்பந்தத்தை, அது அயர்லாந்துக்கு முழு விடுதலை தரவில்லை என்று எதிர்த்தார். இந்தியாவைப் பற்றிப் பேசும்போது அவர் கருணையை வேண்டியதே இல்லை. அவருடைய வாதம் பொருளாதார வாதம். கல்கத்தாவின் ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அற்பக் கூலி, ஸ்காட்லாந்தின் டண்டியில் சணல் நெய்யும் தொழிலாளியின் கூலியையும் கீழே இழுக்கிறது. இந்தியச் சுரங்கத்தில் இறங்கும் பெண்ணின் கூலி பிரிட்டன் சுரங்கத் தொழிலாளியைப் பாதிக்கிறது. மூலதனம் கடல் கடந்து போகும்போது தொழிற்சங்கம் கரையிலேயே நின்றுவிட முடியாது என்பதே அவர் சொன்னது. பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர்கள் பலருக்கு இது கசந்தது. ஆலைகள் எங்கு கூலி மலிவோ அங்கு இடம்பெயர்வதை அன்றாடம் பார்க்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் நூறாண்டுகளுக்கு முன்பு ஏகாதிபத்தியத்தின் அவைக்குள் நின்று சொன்னார்.

1926 மே தினத்தன்று ஹைட் பார்க்கில் பேசினார். தொழிலாளர் மீது சுடாதீர்கள் என்று படைவீரர்களைக் கேட்டுக்கொண்டார். பொது வேலைநிறுத்தம் தொடங்கியவுடன் கைது செய்தனர். நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு இரண்டு மாதம் சிறையிலிருந்தார்.

அடுத்த ஆண்டுதான் இந்தியப் பயணம். அந்த மார்ச்சில் காந்தியடிகளுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தில், ராட்டையால் மட்டும் வறுமை தீராது, தொழிலாளரையும் விவசாயிகளையும் அமைப்பாக்க முன்வாருங்கள் என்று கேட்டார். மூலதனத்தைத் தொழிலாளரின் பகையாகத் தாம் கருதவில்லை என்று காந்தி 'யங் இந்தியா'வில் பதில் எழுதினார். இருவரிடமும் மரியாதை குறையவில்லை, பாதைகள்தான் வேறு.

அவர் திரும்பிச் சென்றபின், அதே ஆண்டிலேயே, அவர் மீண்டும் இந்தியா வருவதற்கான அனுமதியை பிரிட்டிஷ் அரசு ரத்து செய்தது. வெஸ்ட்மினிஸ்டரில் அமர்ந்து இந்தியாவுக்கான சட்டத்தில் வாக்களிக்கலாம். பிறந்த ஊருக்கு மட்டும் வரக்கூடாது! 1929இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் அத்தடை நீங்கவில்லை.

இங்கே தில்லியில் அதன் மறுபக்கம் நடந்தது. பொது வேலைநிறுத்தத்திற்குப் பழிவாங்க பிரிட்டனில் 1927இல் தொழிற்தகராறுச் சட்டம் இயற்றினர். அனுதாப வேலைநிறுத்தம் குற்றமானது. அதே வழியில் 1929இல் இந்தியாவிற்கும் ஒரு தொழிற்தகராறு மசோதா வந்தது. கூடவே, வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடு கடத்துவதற்கான பொதுப் பாதுகாப்பு மசோதா. ஸ்ப்ராட், பிராட்லி போன்ற பிரிட்டிஷ் தோழர்கள் அதன் இலக்கு. மார்ச்சில் மீரட் சதி வழக்கில் கைதுகள். ஏப்ரல் 8 அன்று பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் குண்டு வீசியது இந்த மசோதாக்களுக்கு எதிராகத்தான். அவைத் தலைவர் விட்டல்பாய் பட்டேல் பாதுகாப்பு மசோதாவை அனுமதிக்க மறுத்தார். இர்வின் அதை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார். வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு, பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே என்று சொல்லும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதைப் படிக்கும்போது 1929இன் விவாதங்களையும் எடுத்துப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1927இல் தம் குழந்தைகளுக்குப் பார்சி முறைப்படி நவ்ஜோத் சடங்கு செய்ததற்காகக் கட்சி அவரைக் கண்டித்தது. கட்டுப்பாடு என்ற வகையில் கட்சி சொன்னது சரியே. ஆனால் ஆங்கிலத் தாய்க்குப் பிறந்த குழந்தைகள் தங்கள் மக்களிடமிருந்து அந்நியப்பட்டுவிடக் கூடாது என்று அந்நிய மண்ணில் ஒரு தந்தை கவலைப்பட்டிருக்கலாம். அதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். கண்டனத்தை ஏற்றுக்கொண்டு அவர் கட்சியிலேயே இறுதிவரை இருந்தார்.

அவரை விட்டுக்கொடுக்காத பேட்டர்சி தொழிற்கட்சிக் கிளையைத் தலைமை 1926இல் நீக்கியது. 1929இல் அவருக்கு எதிராகத் தன் வேட்பாளரை நிறுத்தியது. அவர் தோற்றார். அதன்பின் மீரட் கைதிகளுக்காக ஊர் ஊராகப் பேசினார். 1936 ஜனவரி 16 அன்று லண்டனில் காலமானார். பம்பாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அவ்வாண்டு ஜூலையில் ஸ்பெயினில் பிராங்கோவின் கலகம் வெடித்தது. குடியரசைக் காக்கச் சென்ற பிரிட்டிஷ் தொண்டர்களின் படைப்பிரிவுக்கு முறைப்படி சூட்டப்பட்ட பெயர் சக்லத்வாலா பட்டாலியன்.