சுறாச் சட்டமும் கல்முனைக் கரையும்



பிள்ளைபெற்ற தாய்க்குப் பாற்சுறா ஆக்கிக் கொடுக்கும் ஊர்கள் நம்முடையவை. சுறா உண்பதை எவரும் தடுக்கவில்லை. உடலைக் கடலில் வீசிவிட்டுச் செட்டையை மட்டும் கரைசேர்ப்பதையே 2001ஆம் ஆண்டு விதி தடுத்தது. 2012இல் வால் நீண்ட சுறாவைப் பிடிப்பதே குற்றமாயிற்று. அது ஓர் ஈற்றில் ஈனுவது பெரும்பாலும் இரண்டே குட்டிகள்! விதைநெல்லைக் குத்தித் தின்ன எந்தப் போடியார் இசைவார்? ஆகவே சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால், சூரைக்கு விட்ட தூண்டிலில் அச்சுறா தானே வந்து சிக்குகிறது. செத்து ஏறினாலும் கரைசேர்த்தல் ஆகாது. 2016இல் ஜொகன்னஸ்பேர்க் மாநாட்டில் அதற்குப் பாதுகாப்புக் கோரியது இலங்கை அரசே. அங்கே பேசிய அரசு, கல்முனைத் துறையிலும் தமிழில் பேசட்டும்; உயிருடன் விடுவிக்கும் முறையைக் கற்பிக்கட்டும்; படகைச் சோதிப்பதுபோல் செட்டை வாங்குவோரின் கிடங்கையும் சோதிக்கட்டும்!