தலைச்சுற்றலும் யோகப் பயிற்சியும்

(ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரத் தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)

 

யோகம் என்றவுடன், ‘அது பட்டணத்தில் ஓய்வாக இருப்பவர்களுக்கு உரியது, பால் வெட்டும் நமக்கு எதற்கு?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். யோகக் கலையை உலகெங்கும் பரப்பியவர்களுள் ஒருவரான சுவாமி சிவானந்தர், துறவு பூணுமுன் இந்நாட்டு இரப்பர்த் தோட்டமொன்றின் மருத்துவமனையில் பணிபுரிந்தவர் என்பதை முதற்கண் நினைவூட்டுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்னும் அவர், 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்கு அருகில் சில ஆண்டுகளும், பின்னர் நமது ஜொகூர் பாருவிலும் மருத்துவம் பார்த்தார். 1923இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். ஆகவே, யோகம் நம் லயத்து வாசலுக்கு அந்நியமான ஒன்றன்று.

இன்று நான் பேச வந்தது தலைச்சுற்றலைப் பற்றி. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்குத் தலை சுற்றினால் மேசையைப் பிடித்துக்கொள்வார். கருக்கலில் எழுந்து, வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டு, நெற்றி விளக்கொளியில் மேட்டிலும் பள்ளத்திலும் நிரை பிடிப்பவருக்கு எதைப் பிடிப்பது? கையில் கூரிய உளி; திரும்பும்போது தோளில் பால் வாளி. ஒரு நொடித் தடுமாற்றம் போதும். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று இதனை மறைத்து வேலைக்குச் செல்வோரும் உண்டு. அது தவறு என்று சொல்வது எளிது; அவர்கள் வீட்டு நிலைமையை அறிந்தவர்கள் அப்படி எளிதாகச் சொல்லமாட்டார்கள். எனினும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

தலைச்சுற்றல் என்பது ஒரே நோயன்று. குனிந்து வெட்டியவர் சட்டென நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வருமாயின், இரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குச் செல்லும் அளவு சற்றுநேரம் குறைந்துவிட்டது என்று பொருள். போதிய நீர் அருந்தாமை, இரத்தச் சோகை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். நீரிழிவுக்கு மருந்துண்போர் பட்டினியாக வேலைக்குச் சென்றால், சர்க்கரை குறைந்தும் மயக்கம் வரும்.

மற்றொன்று, உலகமே சுழல்வதுபோன்ற கிறுகிறுப்பு. படுக்கையில் புரளும்போதோ, மரத்தின் உயரப் பட்டையை வெட்ட அண்ணாந்து பார்க்கும்போதோ இது தொடங்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கும். நம் உட்செவியில் அரைவட்ட வடிவில் மூன்று நுண்குழாய்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் நீரின் அசைவைக் கொண்டே தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை மூளை அறிகிறது. அருகிலுள்ள பையிலிருந்து சுண்ணாம்புத் துகள்கள் கழன்று இக்குழாயினுள் விழுந்துவிட்டால், அசையாத தலையும் சுழல்வதாக மூளை மயங்குகிறது. பேய் பிடித்ததாக அஞ்சவேண்டியதில்லை; மந்திரித்துக் கயிறு கட்டினாலும் அத்துகள் வெளியேறாது.

யோகத்தினாலும் வெளியேறாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கெனத் தனி முறை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி என்பார் 1980இல் அதனை அறிவித்தபோது மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. இன்றோ எங்கும் கையாளப்படுகிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்து, தலையை முறைப்படி சில நிலைகளில் திருப்பி, துகளை அதன் இடத்திற்கே வழுக்கிச் செல்லச் செய்கிறார். வேலை சில நிமிடங்களே. ஆதலால், படுக்கையில் புரண்டாலே சுழல்கிறது என்பவர்கள் முதலில் அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லுங்கள். அவர்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

அப்படியாயின், யோகம் எதற்கு? நோய் தணிந்த பின்னும் பலருக்கு நடையில் தள்ளாட்டமும் மனத்தில் அச்சமும் எஞ்சி நிற்கும். 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்னும் மருத்துவர் இருவர், தலையில் அடிபட்டுத் தள்ளாடியவர்களுக்குப் பயிற்சிமுறை ஒன்றை வகுத்தனர். முதலில் கண்ணசைவு, அடுத்துத் தலையசைவு, பின்னர் அமர்தல், எழுதல், நடத்தல் என்று அது படிப்படியாக ஏறும். நிதானமாகச் செய்யும் யோகப் பயிற்சியையும் இதே வரிசையில் அமைத்துக்கொள்ளலாம்.

பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, உணவருந்தி இரண்டு மணி நேரம் கழிந்தபின், கைப்பிடியுள்ள நாற்காலியில் பாதங்கள் தரையில் படியுமாறு நேராக அமருங்கள். மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சை அடக்க வேண்டா. ஐந்து நிமிடத்தில் படபடப்புத் தணியும். பிறகு கையை நீட்டிக் கட்டைவிரலை இடமும் வலமும், மேலும் கீழும் மெல்ல நகர்த்துங்கள். தலை அசையாமல் கண்கள் மட்டும் விரலைத் தொடரட்டும். பத்து முறை ஆனபின், விரலை நிறுத்திப் பார்வையை அதன்மேல் பதித்து, தலையை மட்டும் இருபுறமும் திருப்புங்கள். இலேசான கிறுகிறுப்பு வரும். அதற்கு அஞ்சி விட்டுவிட்டால் மூளை பழகாது. தாங்கமுடியாமற் போனால் மட்டும் நிறுத்துங்கள்.

அடுத்தது தாடாசனம். சுவர்கள் சேரும் மூலையில், முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு, பாதங்களைச் சற்றே அகற்றி நிமிர்ந்து நில்லுங்கள். சில நாள் சென்றபின் பாதங்களைச் சேர்த்தும், அதன்பின் ஒரு பாதத்தின் முன் மற்றதை வைத்தும் பழகலாம். கண்ணை மூடி நிற்பதாயின், அருகில் ஒருவர் இருக்கவேண்டும். இறுதியில் சவாசனம். படுத்திருந்து எழும் முறையே இதில் முக்கியம்: ஒருபக்கமாகச் சாய்ந்து, கையூன்றி அமர்ந்து, ஒரு நிமிடம் கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்தபின் எழுந்திருங்கள். கண் இருட்டும் தொல்லை உள்ளவர்கள் விடியற்காலையிலும் இவ்வாறே எழுவது நல்லது. மரத்தடியில் குனிந்து நிமிரும்போதும் அதே நிதானம் வேண்டும். நாள்தோறும் கால் மணி நேரம், சில வாரங்கள் இடைவிடாது செய்தாலன்றிப் பயன் தெரியாது.

செய்யக்கூடாதவையும் உண்டு. சிவானந்தர் வழிவந்த பயிற்சிகளில் சிரசாசனத்திற்கு உயர்ந்த இடம் இருப்பது உண்மையே. ஆயினும், தலைச்சுற்றல் உள்ளவர்கள் அதனையும், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றையும் தவிர்க்கவேண்டும். கழுத்தை வேகமாகச் சுழற்றுவதும், கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளும் ஆகா. ‘என் ஆசனம் எல்லாத் தலைச்சுற்றலையும் போக்கும்’ என்று எவரேனும் கூறினால், அவரிடமிருந்து விலகியிருங்கள். யோகம் செய்கிறோம் என்று இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். களைக்கொல்லி தெளித்தபின் வரும் மயக்கத்திற்கும் ஆசனம் மருந்தன்று. வேலையை நிறுத்தி, உடை மாற்றி, உடம்பைக் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

தலைச்சுற்றலோடு நாக்குக் குழறினாலும், முகம் கோணினாலும், ஒருபக்கக் கை கால் தளர்ந்தாலும், பொருள் இரண்டாகத் தெரிந்தாலும், மார்பு வலித்தாலும், திடீரெனக் காது அடைபட்டுக் கேளாமற்போனாலும் காத்திருக்க வேண்டா. 999 எண்ணை அழையுங்கள். வாகனம் வருமட்டும் நோயாளியை நடக்க விடாதீர்கள்.

இனி, பின்வரிசையில் உள்ளவர்கள் நாற்காலிகளைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டைவிரற் பயிற்சியை இப்பொழுதே எல்லாரும் சேர்ந்து ஒருமுறை செய்து பார்ப்போம்.