சுகாமோ சிறையில் ஒரு தழுவல்

லூயி சாம்பெரினி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர். 1943இல் அவர் சென்ற போர் விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. 47 நாள் ரப்பர் படகில் மிதந்தவர், ஜப்பானியரிடம் கைதியானார். முகாமில் வதானபே என்ற காவலர் அவரைப் பெல்ட்டால் விளாசினார்.

வீடு திரும்பியும் நிம்மதியில்லை. வதானபேயைக் கொன்றே தீருவதென்று கறுவினார், குடியில் மூழ்கினார். கனவில் அந்தக் காவலரின் கழுத்தை நெரித்த ஓர் இரவு, திடுக்கிட்டு விழித்தால், கைப்பிடியில் கர்ப்பிணி மனைவியின் கழுத்து!

1949இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பில்லி கிரகாமின் நற்செய்திக் கூட்டத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அன்றோடு அந்தக் கனவு நின்றது. மறு ஆண்டே டோக்கியோவின் சுகாமோ சிறைக்குப் போய், அங்கே கைதிகளாக இருந்த, தன்னை வதைத்த காவலர்களைக் கட்டித் தழுவினார்.

வதானபே அப்போது தலைமறைவு. 1998இல் சாம்பெரினி ஜப்பான் சென்றபோதும் வதானபே சந்திக்க மறுத்துவிட்டார். அவருக்கென எழுதிய கடிதத்தில் சாம்பெரினி மன்னிப்பையே தெரிவித்திருந்தார்.