அம்மாவின் தற்செயல் விடுப்பு

கல்லூரிச் செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, கறுப்பு கவுனுக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, பின்வரிசைகளில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்தியபோது சொன்னதில் பாதி என் துறை செய்தது. மீதிப் பாதி சொன்னவரின் தாராள மனசு. எனக்குக் கொடுத்திருப்பது 20 நிமிடம். அதனால் சம்பிரதாயத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

காலையில் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இது தெரிந்தும், கண்டக்டர் பக்கத்தில் வந்தவுடன் என் கை பையில் சில்லறையைத் துழாவியது. அறுபது வயதுப் பழக்கம். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு பெஞ்சைத் தேடினேன். பழைய நிலையத்தை இடித்துக் கட்டி 2021 கடைசியில் திறந்தாயிற்றே, அந்த பெஞ்சு எப்படி இருக்கும்? மலைக்கோட்டை மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த பெஞ்சின் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1984, அக்டோபர் மாதம், ஆயுத பூஜை. அப்போது நான் இதே ஊரில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சாரம் கட்டி எழும்பிக்கொண்டிருந்த காலம். அது 1987இல்தான் முடிந்தது. எங்கள் வாயில் அது அப்போதும் ‘மொட்டைக் கோபுரம்’தான். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். அவருக்கு வார விடுமுறை உண்டு, தற்செயல் விடுப்பு உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு, குடும்பத்தோடு போய்வர இலவசப் பாஸ் உண்டு. எனக்கும் தம்பிக்கும் காலண்டரில் சிவப்பாக இருந்த தேதியெல்லாம் விடுமுறை. அந்தச் சிவப்புத் தேதிகளில்தான் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பு. ஞாயிறு என்றால் இட்லி மாவு ஆட்டும் நாள். வெள்ளி என்றால் விளக்கு துலக்கி நிலைப்படிக்கு மஞ்சள் பூசும் நாள். வைகுண்ட ஏகாதசி வந்தால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஆனால் பரமபத வாசல் பார்க்க வந்த உறவுக்காரர்கள் இருபது பேருக்கு ராத்திரி பாய் விரித்து, மறுநாள் துவாதசிக்கு விடியுமுன் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் தயாராக வைக்க வேண்டியவள் அவள்.

அன்று காலை பூஜைக்கு எல்லாம் அடுக்கியிருந்தோம். அரிவாள்மணை, அம்மிக்குழவி, அப்பாவின் சைக்கிள், அவருடைய ஸ்பானர்கள், தம்பியின் காம்பஸ் பெட்டி, என் பாடப்புத்தகங்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் எனக்கு அதைவிட இஷ்டமான பண்டிகை கிடையாது. (அந்தச் சாக்கில் படிக்காமல் விட்டதில், அடுத்து வந்த தேர்வில் திட்ட விலக்கம் கணக்கைக் கோட்டை விட்டேன் என்பது வேறு கதை.) அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் படைத்தாயிற்று. மதியச் சமையல் இன்னும் பாக்கி. அப்போது என் தம்பி, வயது பதின்மூன்று, கிண்ணத்திலிருந்து சந்தனத்தைத் தொட்டு அம்மாவின் புறங்கையில் இட்டு, மேலே ஒரு குங்குமமும் வைத்து, “இதுவும் நம்ம வீட்டு மெஷின்தானே” என்றான்.

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான் சிரித்தாள். கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப சரி. பூஜையில வச்ச சாமானை நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

விளையாட்டு என்றுதான் நினைத்தோம். அவள் உள்ளே போய் முகம் கழுவிப் புடவை மாற்றினாள். கடுகு டப்பாவுக்குள் சில்லறை போட்டு வைப்பாள், அதிலிருந்து கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்தாள். “போயிட்டு வர்றேன்” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்பா ஸ்பானரை எடுக்கப் போய், பூஜை நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. “பின்னாலேயே போ” என்று என்னைத் துரத்தினார்.

அவள் ஏறிய பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் போனேன். முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் அப்பி, பஸ்ஸே கல்யாணத்துக்குப் போவதுபோல் இருந்தது. தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். சத்திரத்தில் இறங்கிப் பார்த்தால், மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் அம்மா. கையில் காப்பி டம்ளர். “சமயபுரம், சமயபுரம்”, “லால்குடி”, “முசிறி” என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் எந்த பஸ்ஸுக்கும் எழுந்திருக்கவில்லை.

“வந்துட்டியா, உக்காரு” என்றாள். என்னம்மா இது, இங்கே வந்து, என்று கேட்டேன்.

“வேற எங்க போறது? கோயிலுக்குப் போனா உங்களுக்காக வேண்டிக்கணும். எங்கம்மா வீட்டுக்குப் போனா அங்கயும் ஒரு அடுப்படி. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைத்தான் யாரும் ஏன் சும்மா உக்காந்திருக்கேன்னு கேக்க மாட்டாங்க.”

அது முதல் தடவையும் இல்லையாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு நாள், நாங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு, ஒண்ணாம் நம்பர் பிடித்து வருவாளாம். வேறொருவர் போட்ட காப்பி ஒன்று, ஒரு மணி நேரம், திரும்ப பஸ். நான் கல்லூரிக்குப் போகும் வழியில் தினமும் அதே நிலையத்தில்தான் பஸ் மாறினேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் யாரோ பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று போயிருப்பேனோ என்னவோ.

அவள் எதிரே நின்ற மலையில் இருப்பவர் தாயுமானவர். அவர் பெயர்க் காரணம் உங்களுக்குத் தெரியும். பிரசவ வலியில் இருந்த ரத்னாவதிக்குத் துணையாக வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். அலுவலக மொழியில் சொன்னால், தாய் வர முடியாத நாளில் பொறுப்பு ஏற்றவர். நம் ஊரில் ஓர் அம்மா ஒரு நாள் வராமல் போனால் மாற்று ஆளாகச் சிவபெருமானே இறங்கி வரவேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அன்று அந்தப் பொறுப்பை ஏற்றவர் அப்பா. உப்புமா கட்டி தட்டியது, பால் பொங்கி அடுப்பை அணைத்தது. சாயங்காலம் திரும்பி வந்த அம்மா எதையும் துடைக்கவில்லை. பூஜைச் சாமான் அல்லவா? அந்த வருடத்திலிருந்து ஆயுத பூஜை மதியச் சமையல் அப்பாவுடையது என்று ஆயிற்று. மற்ற 364 நாளும் பழைய கதைதான். அதை மறைத்து அப்பாவைப் புரட்சிக்காரர் ஆக்க எனக்கு விருப்பமில்லை.

அம்மாவுக்கு முன்பே இப்படி விடுப்பு எடுத்தவர்கள் உண்டு. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு பெண்கள் வீட்டிலும் வெளியிலும் எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்து வீதிக்கு வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெண்களின் விடுமுறை நாள்’. அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கே அழைத்துப் போனார்கள். சுலபமாகச் சமைக்கலாம் என்று எல்லோரும் வாங்கியதில் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனதாம். அம்மாவுக்கு ஐஸ்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

வேலைக்குப் போன பிறகுதான் அந்த பெஞ்சின் அருமை எனக்குப் புரிந்தது. 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை, நம் நாட்டில் முதன்முதலாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதன் களப்பணியில் நானும் இருந்தேன். ஒருவருடைய நாளை வழக்கமான நாள், வாரத்தில் மாறுபடும் நாள், அசாதாரண நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆண்களிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மாறும், சந்தை நாள் மாறும். நான் உட்கார்ந்து கேட்ட திண்ணைகளில் பெண்கள் முழித்தார்கள். “மாறுற நாளா? அப்படி எதும்மா?” காவிரிக் கரையில் ஒரு கிராமத்தில் ஓர் அம்மாவிடம், நேற்று என்ன செய்தீர்கள் என்றேன். “ஒண்ணும் செய்யல. வீட்ல சும்மாதான் இருந்தேன்” என்றார். மணி மணியாகக் கேட்டு எழுதினேன். அதிகாலை சாணி தெளித்ததில் தொடங்கி, இரவு மாட்டுக்கு வைக்கோல் போட்டதுவரை படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன். “இதெல்லாம் வேலையிலயா சேத்தி?” என்று கேட்டார். முப்பத்தைந்து வருடப் பணியில் இதற்கு இணையான கேள்வியை எந்த நிபுணரும் என்னிடம் கேட்டதில்லை.

பட்டமளிப்பு உரையில் புள்ளிவிவரம் இல்லாவிட்டால் நான் படித்த பாடத்துக்கு மரியாதை இல்லை. 2019இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டாள். செய்த ஆண் 97 நிமிடம். முதலில், செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர். பெண்களில் 81 பேர். 299 நிமிடத்தை ஏழால் பெருக்கினால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 35 மணி நேரம், வார விடுமுறை இல்லாமல். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தப் பெண்களைப் பிச்சை எடுப்போரோடும் சிறைக் கைதிகளோடும் ஒரே பட்டியலில் ‘வேலை செய்யாதோர்’ என்று வைத்திருந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. எண்ணுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் எனக்கும் அதில் வெட்கம் உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். விடுப்பே இல்லாத வேலை அது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட தீர்ப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய, குடும்பத் தலைவிகளுக்கான மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவி’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று வைத்தார்கள். தொகையைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். அந்தச் சொல்லுக்காக நான் சந்தோஷப்பட்டேன்.

கடுகு டப்பா சில்லறை என்றேனே, அதில் இன்னொருவர் ஞாபகம். குமுதினி என்ற பெயரில் எழுதிய ரங்கநாயகி, 1905இல் பிறந்தவர், எங்கள் ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். காது கேளாமல் போனவர். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினார், தாகூரின் நாவலைத் தமிழாக்கினார். இவர் எழுதிய அந்தப்புரக் கடிதங்களில் சீதை அயோத்தியிலிருந்து தன் தாய்க்குப் புடவை பற்றி எழுதுவாள். பெரிய இதிகாசத்துக்குள் நுழைய அவர் தேர்ந்தெடுத்த வாசல் ஒரு மகள் அம்மாவுக்குப் போடும் தபால். அவருடைய கட்டுரைத் தொகுப்பின் பெயர் ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’. வீட்டு விவகாரத்துக்குக் கம்பெனிப் பெயர் வைத்த அந்தக் குறும்பு இன்றைக்கும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும். 1986இல் காலமானார். நான் படித்த காலத்தில் இதே ஊர்க்காரராக இருந்தும் ஒரு பாடத்திலும் அவர் பெயரை நான் கேட்டதில்லை. நூலகத்தில் தேடிப் படியுங்கள்.

நன்றியைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் முதல்வர் கடிதம் எழுதியிருந்தார். நம் வீடுகளில் அந்தச் சொல் புழங்குவதில்லை. அம்மாவிடம் போய் ‘நன்றி’ என்றால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் நன்றி சொன்ன விதம் வேறு. தீபாவளி பலகாரத்தில் முதல் பொட்டலம் தெரு கூட்டுகிறவருக்கு. இரண்டாவது தபால்காரருக்கு. எங்களுக்குக் கிடைத்தது உடைந்த முறுக்கு. பொங்கலன்று சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, ஆயுத பூஜையன்று இரும்புக்கு என்று நாம் முறை வைத்து நன்றி சொல்லும் ஜாதி. ஆனால் அந்தப் பொங்கலைக் கிண்டுகிறவள் அந்தப் பட்டியலில் எந்தத் தேதியில் வருகிறாள் என்று நீங்களே காலண்டரைப் புரட்டிப் பாருங்கள்.

என் அறிவுரை சின்னது. உங்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போவீர்கள். நியமன ஆணையில் விடுப்பு விதிகள் ஒரு பக்கம் இருக்கும், படித்துப் பார்ப்பீர்கள். அதே விதிகளை வீட்டுக்கும் எழுதுங்கள். இந்த மாதம் எந்த நாள் அம்மாவுக்கு விடுப்பு, அன்று மாற்று ஆள் யார் என்று பெயர் போட்டு. ஆண் பிள்ளைகளுக்கு இதை இரண்டு தரம் சொல்கிறேன். நாளைக்கு நீங்களோ உங்கள் துணைவரோ வீட்டைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று முடிவெடுத்தால் அதுவும் நல்ல வேலைதான். அதற்கும் இந்த விதி பொருந்தும்.

என் நேரம் முடிந்துவிட்டது, மேடையில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பின்கட்டில் சாம்பார் மணக்கிறது. முதல் பந்தி சிறப்பு விருந்தினர்களுக்கு என்று போட்டிருக்கிறார்களாம். எனக்குப் பசியில்லை. காலையில் சத்திரத்தில் காப்பி குடித்துவிட்டேன். பின்வரிசையில் விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்திருக்கும் அம்மாக்களை அந்தப் பந்தியில் உட்கார வையுங்கள். பரிமாறுவது பட்டதாரிகள். கவுனை மட்டும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், வாடகைக் கவுனில் சாம்பார் பட்டால் அபராதம் போடுவார்கள்.