காரைத் தின்னும் துரு



நம் தோட்டப்புறங்களில் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. 1985-ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகாவையும் 1994-இல் வந்த பெரோடுவா காஞ்சிலையும் இன்னும் பல குடும்பங்கள் வைத்திருக்கின்றன. பிள்ளையைப் பள்ளிக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை அவைதாம். இயந்திரம் பழுதானால் வண்டி நின்றுவிடும்; உடனே பட்டறைக்கு ஓடுகிறோம். துருவோ ஓசையின்றித் தின்னும். வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் துருவை வீட்டிலேயே எப்படி அகற்றுவது, எந்த அளவுக்குமேல் அது வீட்டு வேலையாகாது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுசேர்ந்தால் துரு உண்டாகிறது. அலுமினியப் பாத்திரத்தின்மீதும் காற்றுப்பட்டு ஒரு படலம் ஏற்படுகிறது. ஆனால் அது உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு காவல் காக்கிறது. இரும்பின் துரு அப்படிப்பட்டதன்று. அது உப்பும், உதிரும், பஞ்சைப்போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே காரின் சாயத்தில் பத்துக் காசளவு கொப்புளம் தெரிந்தால், அதைச் சுரண்டிப் பார்க்கும்போது உள்ளே ஒரு வெள்ளி நோட்டளவு பரவியிருப்பதைக் காணலாம். “தகரக் கூரை பல காலம் தாங்குகிறதே, காரின் தகடு ஏன் தாங்குவதில்லை?” என்று கேட்பீர்கள். கூரைத் தகரத்தின்மேல் துத்தநாகம் பூசப்பட்டிருக்கிறது. பழைய கார்கள் பலவற்றின் தகட்டுக்குச் சாயம் ஒன்றுதான் சட்டை.

தோட்டத்துக் கார் விரைவாகத் துருப்பிடிக்க நம்முடைய பழக்கங்களும் காரணம். பின்பெட்டியில் உர மூட்டை ஏற்றுகிறோம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு. சிந்திய உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டின்மேல் உப்புநீராய்த் தங்குகிறது. ஒட்டுப்பால் மூட்டையிலிருந்து வடியும் நீரோ புளிப்புத் தன்மை உடையது. அமிலம் ஊற்றி உறைய வைத்த பாலானால் கேட்கவே வேண்டாம். இவற்றை ஏற்றத்தான் வேண்டுமென்றால் அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். அன்று மாலையே பின்பெட்டியைக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஸ்பேர் டயரைத் தூக்கி அதன் அடியிலும் பாருங்கள். தண்ணீர் தேங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

நீர் தங்கும் வேறு இடங்களும் உண்டு. கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கான வழி அது. செம்மண் அடைத்துக்கொண்டால் கதவு தொட்டியாகிவிடும். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துக் குத்தி விட்டால் போதும், காசு செலவில்லை. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் சருகு சேர்ந்து மக்கும். அதையும் வாரி எடுக்க வேண்டும். சக்கரத்தின் மேல்வளைவின் உள்மடிப்பில் அப்பியிருக்கும் சேறு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். காரைக் கழுவுகிறவர்கள் கூரையைப் பளபளவென்று தேய்ப்பார்கள். இந்த மடிப்பைத் தொடமாட்டார்கள். எனக்குக் கேட்டால், கூரையை விட்டுவிட்டாவது இதைக் கழுவ வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். மழை பெய்யாத நாளாகப் பார்த்து, பனி காய்ந்தபின் காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்குங்கள். பிற்பகல் மழைக்கு முன் முதல் பூச்சாவது காய்ந்துவிட வேண்டும். துருவைச் சுற்றி ஓர் அங்குலம் நல்ல சாயம்வரை சேர்த்துச் சுரண்டுங்கள். உதிர்வதைக் கம்பித் தூரிகையால் நீக்கி, 80-ஆம் எண் மணல்தாளால் தேயுங்கள். தகடு வெள்ளையாகப் பளிச்சிட வேண்டும். இந்த ஒரு கட்டத்தில்தான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். பாதி துருவை விட்டு மேலே சாயம் அடித்தால் தீபாவளிக்கு அழகாக இருக்கும். தைப்பூசத்துக்குள் மறுபடி கொப்புளிக்கலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளுக்குள் கருப்புப் புள்ளிகள் மிஞ்சும். அதற்கென்று கடைகளில் துருவை மாற்றும் மருந்து கிடைக்கிறது. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானின் என்னும் துவர்ப்புச் சத்து இருக்கும். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப் போவதைத் தாய்மார்கள் அறிவார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த அந்தக் கறுப்பைப் போன்றதுதான் இங்கும் நிகழ்வது. ஆனால் ஒன்று: மெல்லிய துருவைத்தான் இந்த மருந்து மாற்றும். செதில் செதிலாக இருக்கும் துருவின்மேல் பூசினால் மேற்பரப்பு மட்டும் கறுக்கும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

பிறகு தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ சுருட்டோ கூடாது. வெறும் தகட்டுக்கு எப்பாக்சி பிரைமர் சிறந்தது. சாதாரணச் சாம்பல்நிற பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை அடித்துவிட்டு, “அடுத்த மாதம் சம்பளம் வரட்டும்” என்று வண்டியை மழையில் நிறுத்தினால் பட்ட பாடு வீண். குழிகளை நிரப்பும் புட்டியும் அப்படியே. அதைத் திறந்து விடக்கூடாது. காய்ந்தபின் 240, பிறகு 400 எண் தாளால் சமப்படுத்தி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை சாயம் அடியுங்கள். நிற எண் பெரும்பாலும் இயந்திர அறையிலோ கதவோரத்திலோ உள்ள தகட்டில் இருக்கும். பட்டுப்போட்ட இடம் கொஞ்சம் தெரியத்தான் தெரியும், அதனாலென்ன? முழு வண்டிக்கும் நிறம் மாற்றுவதானால் மட்டும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. திருப்புளியின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தென்று ஒலிக்கும். திருப்புளியின் நுனி உள்ளே இறங்கினால் வீட்டு வேலை அங்கே முடிந்தது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டம், தரைத்தகடு, சக்கர அமைப்பு பிணைந்திருக்கும் இடங்கள், இருக்கை வார் பொருத்திய இடம், இவையெல்லாம் காரின் எலும்புகள். இவற்றில் ஓட்டை விழுந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பிரேக் எண்ணெய் போகும் குழாயில் துரு ஏறியிருந்தால் தேய்க்காதீர்கள். குழாயை மாற்றச் சொல்லுங்கள்.

என் மாணவன் ஒருவனின் தந்தை பட்டணத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். வெளியே குறை சொல்ல முடியாத மெருகு. நான்காம் மாதம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஜாக்கி சட்டத்துக்குள் புகுந்துவிட்டது. ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்து மேலே புட்டி பூசியிருந்தார்கள். வாங்கும் முன் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தடித்த புட்டியின்மேல் காந்தம் ஒட்டாது. அவருக்கு நல்ல காலம், காரின் அடியில் அப்போது யாரும் படுத்திருக்கவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. செங்கல்லும் பொடிந்துவிடும், இரும்புத் தாங்கி வையுங்கள்.

கழித்த எஞ்சின் எண்ணெயை அடியில் பூசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், வாசலில் ஒழுகி மண்ணையும் கெடுக்கும். கதவுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் பீய்ச்சுவதற்கென்றே மெழுகு எண்ணெய் விற்கிறார்கள். துளைகள் அடையாதபடி அதை அடித்துக்கொள்ளுங்கள். புதுச் சாயத்துக்கு ஒரு மாதம் கழித்து மெழுகு பூசலாம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அந்த வாரமே மணல்தாளை எடுங்கள்.