இறுதி நாட்களின் கணக்கு
(தருமபுரி மாவட்டத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



விதைத்தது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு என்று நாம் கணக்கு வைக்கிறோம். கறவை மாடுகளையும் எண்ணி வைக்கிறோம். ஆனால், நம் ஊரில் படுத்த படுக்கையாய் இருப்போர் எத்தனை பேர், அவர்களுள் வலியால் துடிப்போர் எத்தனை பேர் என்று வினவினால், நம்மால் விடை கூற இயலுமா?

இறந்தோரைப் பற்றிய விசாரணை இருப்போரைக் காக்கும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1995-க்கும் 1998-க்கும் இடையில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் நேர்ந்த சுமார் 80,000 மரணங்களைப் பற்றி, டாக்டர் கஜலட்சுமியின் தலைமையில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். கடைசி நாட்களில் இருமல் இருந்ததா, காய்ச்சல் எத்தனை நாள் என்று உறவினரிடம் கேட்டறிந்து, மரணத்தின் காரணத்தை வகுத்தனர். காச நோயால் மாண்ட ஆண்களுள் ஏறக்குறையப் பாதிப் பேரின் மரணத்திற்குப் புகைப்பழக்கமே காரணம் என்ற உண்மை அவ்வாறுதான் 2003-ல் வெளிப்பட்டது.

மரணத்திற்குப்பின் விசாரிப்பதோடு, உயிர் இருக்கையிலேயே விசாரிப்பதும் நம் கடமையாகும். முன்னர் நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், சாமனப்பள்ளி கிராமத்தில், 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்குமான மருந்துகளோடு, படுக்கையில் கிடப்போருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வருவதற்கு இத்திட்டத்தில் வழியுண்டு. எனினும், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் கணக்கில் வராத நோயாளியை எவர் தேடிச் செல்வர்?

ஆகவே, நாம் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மரணத்தையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்வித்தல்.

இரண்டாவது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் படுக்கையாய் இருப்போரின் பட்டியலை ஆறு மாதத்திற்கொரு முறை தயாரித்து, கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைத்தல். வலி உண்டா, படுக்கைப் புண் உண்டா, பணிவிடை செய்வார் யார், மருந்து கிடைக்கிறதா, வைத்தியத்திற்காகக் கடன் ஏற்பட்டுள்ளதா, கடைசிக் காலத்தை எங்கே கழிக்க விரும்புகிறார் என்னும் ஆறு கேள்விகள் போதும்.

மூன்றாவது, மரியாதை. துக்க வீட்டில் காரியம் முடியும்வரை பொறுத்திருந்து கேட்க வேண்டும். விருப்பமில்லாரை வற்புறுத்தலாகாது. ஒருவர் வீட்டு நோயை டீக்கடையில் பேசுதல் அறவே கூடாது.

பிள்ளை பிறக்குமுன்னரே கர்ப்பிணியின் பெயரைப் பதிவு செய்கிறோம். உழைத்து ஓய்ந்த முதியவரின் இறுதி நாட்களுக்கும் நம் ஏட்டில் ஒரு வரி இடம் தருவோமாக!